ராத்திரி 10 மணிக்கு மேல் வாசிக்க ஒரு யுகுலேலே

யுகுலேலே என்பது நான்கு கம்பி உள்ள, குட்டிக் கிட்டார் மாதிரியான கருவி. எனக்கு அதை வாசிக்கக் கிடைக்கிற நேரம் ராத்திரி 10 மணியிலிருந்து 11 மணி வரைதான். அதற்கு முன்னால் சமையல், குழந்தைக்குச் சாப்பாடு, அவளைத் தூங்க வைப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று இருக்கும். வீடு அடங்கும்போது குழந்தை உள்ளறையில் தூங்குவாள், ஹாலில் அம்மா படுத்திருப்பார். அம்மாவுக்கு டம்ளரை மேடையில் வைக்கிற சத்தத்துக்கே விழிப்பு வந்துவிடும். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்களுடையது, மேலே, கீழே, பக்கத்தில் என்று மூன்று குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிறோம். இந்த நிலைமையில்தான் ஒன்றரை வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் யுகுலேலே வாசிக்கிறேன், இதுவரை யாரும் எழுந்து வந்து நிறுத்தச் சொன்னதில்லை. இதற்கு வழி தெரிந்துகொள்ள எனக்கு நாலைந்து மாதம் ஆனது, ஒரு தப்பான கருவியும் வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் வாசிக்க உண்மையிலேயே சத்தமில்லாத கருவி வேண்டும் என்றால், உள்ளே கூடு இல்லாத, முழு மரக்கட்டையில் செய்த சாலிட் பாடி யுகுலேலேதான் சரி. அதில் பியசோ பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுகிற பாகம், இருக்க வேண்டும், அதை வயர் உள்ள ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. பலருக்கு ஒரு ஸ்பாஞ்ச் துண்டே போதும். அதனால் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இவ்வளவு சின்னக் கருவிக்கு எங்கிருந்து அத்தனை சத்தம்

வெறும் கம்பியை மட்டும் இரண்டு ஆணிக்கு நடுவில் இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. கம்பி மெல்லியது, அதனால் காற்றைத் தள்ள முடியாது. யுகுலேலேயில் அந்த அதிர்வு, கம்பிகள் உட்காருகிற சேடில் என்கிற மெல்லிய பட்டை வழியாக, அதைத் தாங்குகிற பிரிட்ஜ் என்கிற கட்டைக்குப் போய், பிரிட்ஜ் ஒட்டியிருக்கிற மெல்லிய மேல்பலகையை ஆட்டுகிறது. அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. உள்ளே இருக்கிற காற்றும் ஒலித்துளை வழியாகச் சேர்ந்து அதிர்ந்து இன்னும் கொஞ்சம் பலம் சேர்க்கிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்கிற கப்பலில் மதீரா தீவிலிருந்து ஹொனலுலுவில் வந்து இறங்கிய போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த மச்செட் என்கிற சின்னக் கருவியிலிருந்துதான் இது பிறந்தது. ஹவாயில் அங்கேயே வளர்கிற கோவா (koa) என்கிற மரத்தில் இதைச் செய்தார்கள். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் திறந்த வெளியில் மீட்டி வளர்ந்த கருவி. எடை குறைவாக, பலகை மெல்லியதாக இருக்க இருக்க நல்ல யுகுலேலே என்று பெயர். அதாவது நல்ல கருவி என்று நாம் பாராட்டுகிற குணமே ராத்திரியில் நமக்கு எதிராக வேலை செய்கிறது.

இது தெரிந்தால் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். சத்தத்தைக் குறைக்க மூன்றே இடம்தான் இருக்கிறது: கம்பியின் அதிர்வைக் குறைக்கலாம், பலகையை ஆடவிடாமல் செய்யலாம், இல்லையென்றால் பலகையே இல்லாத கருவியை வாங்கலாம். கீழே சொல்கிற எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கும்.

யாருக்குக் கேட்கிறது, எந்த வழியாக

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, நானும் கடைசியாகத்தான் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக வாசிக்கிற இடத்தில் உட்கார்ந்து, வழக்கமான பலத்தில் ஒரு ஐந்து நிமிடம் வாசியுங்கள். அதற்கு முன்னால் செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, தூங்குகிறவர் தலை வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். கதவை மூடி ஒரு முறை, கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியைப் பழைய போர்வையால் அடைத்து ஒரு முறை, ஜன்னலைச் சாத்தி ஒரு முறை, ஃபேன் ஓடும்போது ஒரு முறை. பிறகு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். எங்கிருந்து கசிகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: சுவர் எதிரி இல்லை, கதவடி இடைவெளியும் ஜன்னலும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான சுருதியில், அதாவது ஜி, சி, ஈ, ஏ என்று வைக்கும்போது, யுகுலேலேயின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சி கம்பி, சுமார் 262 ஹெர்ட்ஸ். கிட்டாரிலோ பறையிலோ இருக்கிற அடித்தொண்டைச் சத்தம் இதில் கிடையாது. சுவரை ஊடுருவிப் போவது அந்தக் கனத்த தாழ்ந்த ஒலிதான், கூர்மையான ஒலியைச் செங்கல் சுவர் நன்றாகவே தடுத்துவிடும். ஆனால் கூர்மையான ஒலிக்கு ஒரு விரற்கடை இடைவெளி போதும். அதனால் போர்வையைக் கதவடியில் சுருட்டி வைப்பது கேட்க அற்பமாக இருந்தாலும் எங்கள் வீட்டில் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

ஃபேனும் உங்கள் பக்கம்தான். அதன் ஒரே சீரான இரைச்சல் லேசான சத்தங்களை மூடிவிடும், தூங்குகிறவர் அறையில் ஃபேன் ஓடினால் பாதி வேலை முடிந்தது. குளிர் மாதங்களில் ஃபேனை நிறுத்திவிட்டால் அதே வாசிப்பு திடீரென்று எல்லோருக்கும் கேட்க ஆரம்பிக்கும், மார்கழியில் எனக்கு அப்படித்தான் ஆனது.

இன்னொன்று, கால். தாளத்துக்குத் தரையில் காலைத் தட்டுகிற பழக்கம் இருக்கிறவர்கள் கவனியுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கு உங்கள் யுகுலேலே கேட்கவே கேட்காது, ஆனால் குதிகால் தட்டுவது கூரையில் சுத்தியல் போலக் கேட்கும், ஏனென்றால் அது காற்று வழியாகப் போகவில்லை, கான்கிரீட் வழியாகப் போகிறது. காலுக்கு அடியில் தடித்த மிதியடி இரண்டை மடித்துப் போடுங்கள், அல்லது கட்டை விரலை மட்டும் செருப்புக்குள் ஆட்டிப் பழகுங்கள். கருவியின் தலைப்பகுதியோ உடலோ சுவரில், மேஜையில், மரக்கட்டிலில் படக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். நம்பிக்கை வராவிட்டால் யுகுலேலேயின் தலையை மர அலமாரிக் கதவில் லேசாகத் தொட வைத்து ஒரு கம்பியை மீட்டிப் பாருங்கள், அலமாரியே வாசிக்க ஆரம்பிக்கும்.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000 ஆம் ஆண்டு வந்தவை, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையை இரவு என்று வைத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் அளவைச் சொல்கின்றன, பகலில் 55. செல்போனில் டெசிபல் காட்டுகிற ஆப் போட்டு அளந்து பார்க்கலாம், ஆனால் அதில் வருகிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள், ஃபோனுக்கு ஃபோன் மாறும். ஒரே ஃபோனை ஒரே இடத்தில் வைத்து, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் அது நன்றாக உதவும். 10 டெசிபல் இறங்கினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும், அதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கிற யுகுலேலேயை அடக்குவது

வயலின் வாசிப்பவர்கள் பிரிட்ஜ் மேல் ஒரு மியூட்டை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். யுகுலேலேயின் பிரிட்ஜ் பலகையோடு தட்டையாக ஒட்டியிருக்கும், மாட்ட இடம் கிடையாது. அதற்குப் பதில் ஸ்பாஞ்ச்.

பாத்திரம் கழுவுகிற புது ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, பச்சையாக இருக்கிற சொரசொரப்புப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மெத்தென்ற பக்கத்திலிருந்து இரண்டு விரல் அகலத்தில், நான்கு கம்பிக்கும் எட்டுகிற நீளத்தில் ஒரு துண்டு நறுக்குங்கள். தடிமன் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்கட்டும். அதை சேடிலை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். சேடிலுக்கு மிக நெருக்கமாக வைத்தால் ஸ்வரம் புரியும், நீளாது, சட்டென்று அடங்கிவிடும். ஒலித்துளைப் பக்கமாக நகர்த்த நகர்த்த வெறும் டொக் டொக் மட்டும்தான் மிஞ்சும். ரொம்பத் தடிமனாக இருந்தால் கம்பியை மேலே தூக்கி சுருதியே மாறிவிடும், அப்படி ஆனால் இன்னும் கொஞ்சம் நறுக்கிவிடுங்கள். செலவு பத்து இருபது ரூபாய், நேரம் ஐந்து நிமிடம், ஆனாலும் இந்தப் பட்டியலில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஒலித்துளைக்குள் பழைய காட்டன் சாக்ஸ் ஒன்றை அடைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பலன் இருக்கிறது, ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. உள்ளே இருக்கிற காற்றின் முழக்கம் குறையும், பலகை ஆடுவது நிற்காது. ஸ்பாஞ்சும் சாக்ஸும் சேர்ந்தால்தான் முழுப் பலன். உள்ளே பிக்கப் வயர் ஓடுகிற கருவி என்றால் சாக்ஸை இழுக்கும்போது வயரும் சேர்ந்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையை மாற்றினாலும் நிறைய குறையும். நகத்தால் அடிக்காமல் கட்டை விரலின் சதையால் தடவுங்கள், ஒலித்துளைக்கு மேல் அடிக்காமல் கழுத்தும் உடலும் சேர்கிற இடத்தில் அடியுங்கள், அங்கே ஒலி மெத்தென்று வரும், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போகப் போகக் கூர்மையாகும். தடித்த பஞ்சு போன்ற ஃபெல்ட் பிக் கிடைத்தால் அதுவும் நல்லது. கம்பியையும் மாற்றிப் பார்க்கலாம்: ஃப்ளோரோகார்பன் கம்பி பளிச்சென்று தெறிக்கும், சாதா நைலான் கொஞ்சம் மந்தமாக இருக்கும், நமக்கு இப்போது வேண்டியது அந்த மந்தம்தான். எல்லாக் கம்பிகளையும் இரண்டு செமிடோன் (அரைச் சுரம்) இறக்கி வைத்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஒலியும் தணியும், விரலுக்கும் சுகம். விரல் வைக்கிற இடங்கள் எதுவும் மாறாது, பாட்டு மட்டும் தாழ்ந்த சுருதியில் கேட்கும்.

சத்தமே இல்லாமல் செய்கிற பயிற்சி ஒன்றும் இருக்கிறது, அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். வலது கையை மடியில் வைத்துவிட்டு இடது கையால் மட்டும் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மாற்றுவது. சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று தாளத்துடிப்பு கொடுக்கிற மெட்ரோனோமைக் காதில் போட்டுக்கொண்டு, ஒரு துடிப்புக்கு ஒரு மாற்றம். சி-யிலிருந்து ஜி-க்கு மூன்று விரலும் ஒரே நேரத்தில் போய் இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்தே பழகலாம். ஜி கார்டு எனக்குப் படிந்தது இப்படித்தான், மீட்டாமலே. வலது கைக்கு இதன் மறுபக்கம்: இடது கையின் இரண்டு மூன்று விரல்களைக் கம்பி மேல் படுக்கப் போட்டுவிட்டு ஸ்ட்ரம்மிங் மட்டும், அதாவது நான்கு கம்பியையும் சேர்த்துத் தடவுவது. ஒரே ஒரு விரலை 5, 7, 12 ஆவது ஃப்ரெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் லேசாக வைத்தால் அடங்குவதற்குப் பதில் மணி மாதிரி ஹார்மோனிக்ஸ் ஒலிக்கும், அதனால்தான் இரண்டு மூன்று விரல் என்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு மறுபடி ஃபோனை அடுத்த அறையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், காசு மிச்சம். ஒரே அறையில் இன்னொருவர் தூங்குகிறார், விடுதியில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள், அல்லது ஸ்வரம் நீண்டு ஒலிக்க வேண்டிய விரல்மீட்டல் பயில்கிறீர்கள் என்றால் ஸ்பாஞ்ச் போதாது. அப்போதுதான் வாங்க வேண்டும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

என்னுடைய முதல் தப்பு இங்கேதான் நடந்தது. இணையத்தில் எலக்ட்ரிக் யுகுலேலே என்று தேடி, அந்தப் பெயரில் வந்த ஒன்றை வாங்கினேன். பக்கவாட்டில் ட்யூனர் இருந்தது, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான்கள் இருந்தன, அடியில் வயர் சொருகும் ஜாக்கும் இருந்தது. ராத்திரி எடுத்து ஒரு முறை மீட்டினேன், பழைய யுகுலேலே எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். ஏனென்றால் அது எலக்ட்ரோ அகூஸ்டிக். சாதாரணக் கூடுள்ள யுகுலேலேயில் மேடைக்காக ஒரு பிக்கப் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வால்யூம் பொத்தானைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் ஸ்பீக்கரில் வருவதுதான் குறையும், மரத்திலிருந்து வருவது குறையாது. கடையில் எலக்ட்ரிக் என்று எழுதியிருப்பவற்றில் நிறைய இந்த வகைதான். படத்தில் ஒலித்துளை இருக்கிறதா, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உடல் நான்கு விரல் தடிமனில் பெட்டி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்களுக்கு வேண்டியது இல்லை.

இரண்டாவது குழப்பம் சொல்லில் வருகிறது. சாலிட் டாப் என்பது வேறு, சாலிட் பாடி என்பது வேறு. சாலிட் டாப் என்றால் மேல்பலகை ஒட்டுப்பலகை இல்லை, ஒரே துண்டு மரம் என்று அர்த்தம். அது நன்றாக அதிர வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள், ஆகவே பெரும்பாலும் சத்தம் கூடுதலாகவே இருக்கும். விளம்பரத்தில் சாலிட் என்கிற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு பணம் கட்டிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது சாலிட் பாடி, உள்ளே காற்றறையே இல்லாத முழுக்கட்டை.

சின்ன சைஸ் வாங்கினால் சத்தம் குறையும் என்பதும் அவ்வளவு சரியில்லை. சொப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றும் ஒரே சுருதிதான், கம்பியின் நீளம்தான் சுமார் 13, 15, 17 அங்குலம் என்று மாறும். சொப்ரானோவில் முழக்கம் குறைவு, ஆனால் கூர்மை அதிகம், காதில் குத்துவது அந்தக் கூர்மைதான். இவற்றைவிடப் பெரிய பாரிடோன் மென்மையாக ஒலிக்கும், ஆனால் அதன் சுருதி டி, ஜி, பி, ஈ, கீழே இறங்கிப் போவதால் சுவர் தாண்டுவதும் அதற்கே சுலபம். கைக்கு எது வசதியோ அந்த அளவை எடுங்கள், சத்தத்துக்காக அளவை மாற்ற வேண்டாம்.

சாலிட் பாடியில் கட்டை தடிமனாக இருப்பதால் கம்பி அதை ஆட்ட முடியாது. வயர் சொருகாமல் மீட்டினால் கம்பியின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும், கதவுக்கு அந்தப் பக்கம் அதுவும் போகாது. இதைப் பல உருவங்களில் செய்கிறார்கள். ஜெர்மனியின் ரீசா நிறுவனத்தின் யுகுலேலே ஒன்று கிட்டத்தட்ட ஒரு குச்சிதான், தலையே கிடையாது, கம்பியை முறுக்குகிற சாவிகள் உடல் பக்கத்தில் இருக்கும், பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். எலியூக் என்கிற பெயரில் வருபவற்றில் ஹெட்ஃபோன் சொருகும் துளையும், செல்போனிலிருந்து பாட்டை உள்ளே கொடுக்கும் துளையும் கருவியிலேயே இருக்கும். காலா நிறுவனமும் நைலான் கம்பி போட்ட சாலிட் பாடி செய்திருக்கிறது. கனடாவின் கோடின் செய்கிற மல்ட்டியூக்கின் உடலில் உள்ளறைகள் குடைந்திருப்பார்கள், மேடைக்கு அருமையான கருவி, ஆனால் முழுக்கட்டை அளவுக்கு அமைதி அதில் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் தொட்டுப் பார்த்து வாங்குகிற அளவுக்கு இவை பரவலாக இல்லை, பெரும்பாலும் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் ஆரம்ப நிலை யுகுலேலேயைவிடப் பல மடங்கு. அதனால்தான் முதலில் ஸ்பாஞ்ச் என்றேன்.

கம்பி நைலானா எஃகா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் இருக்கிற காந்தப் பிக்கப் எஃகுக் கம்பியின் அசைவை மட்டும்தான் உணரும், நைலான் கம்பி அதற்கு இல்லாத மாதிரி. அதனால் காந்தப் பிக்கப் வைத்த யுகுலேலேகளில் எஃகுக் கம்பி இருக்கும், ஒலி குட்டி எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி வரும், விரல் நுனியும் வேறு மாதிரி வலிக்கும். அதை விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பகலில் வாசிக்கிற அதே யுகுலேலேயை ராத்திரியிலும் வாசிக்கிற உணர்வு வேண்டும் என்றால் நைலான் கம்பியும், சேடிலுக்கு அடியில் அழுத்தத்தை உணர்கிற பியசோ பிக்கப்பும்தான்.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் கடைக்காரர் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) சொருகிக் காட்டுவார், நன்றாகத்தான் இருக்கும், அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வயரைப் பிடுங்கச் சொல்லி, கூட வந்தவரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லி, உங்கள் வழக்கமான பலத்தில் மீட்டுங்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குக் கேட்கப்போவது அந்த ஒலி மட்டும்தான். அது திருப்தியாக இருந்தால் பிறகு வயரைச் சொருகி நான்கு கம்பியும் ஒரே அளவில் ஒலிக்கிறதா பாருங்கள், சேடில் சரியாக உட்காராத பியசோவில் ஒரு கம்பி மட்டும் அடங்கிப் போயிருக்கும். கட்டையின் எடையையும் கவனியுங்கள், மடியிலிருந்து நழுவும், பட்டை மாட்டக் குமிழ் இருந்தால் நல்லது.

ஹெட்ஃபோன் வரைக்கும்

கருவியிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால், வழக்கமான பெரிய ஜாக்கில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு ஹெட்ஃபோனை நேரே சொருகிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஒரு காதில் மட்டும் ஈனமாக ஏதோ கேட்கும், அல்லது எதுவுமே கேட்காது. கருவி கெட்டுப்போகவில்லை, ஹெட்ஃபோனை இயக்குகிற பலம் அந்த வெளியீட்டில் இல்லை. நடுவில் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வேண்டும். வாக்ஸ் ஆம்ப்ளக் நேராக ஜாக்கில் சொருகிக்கொள்கிற தீப்பெட்டி மாதிரியான ஒன்று, இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ சார்ஜ் போட்டுக்கொள்கிற வகை. இவை கிட்டாருக்காக வந்தவை, அதனால் உறுமல் இல்லாத சுத்தமான ஒலியை அதில் தேர்ந்தெடுங்கள். உங்கள் கருவியின் ஜாக் குழிக்குள் இருந்தால் இந்த மாதிரி நேராகச் சொருகுபவை உட்காராமல் போகலாம், வாங்குமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி இல்லாத பியசோவை வீட்டு ஸ்டீரியோவின் பின்னால் இருக்கிற துளையில் சொருகினால் ஒலி தகர டப்பா மாதிரி மெலிந்து வரும். பியசோவைச் சொருகுகிற பக்கத்தில் 1 மெகாஓம் அளவில் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வருகிற மின்சைகைக்கு அந்தக் கருவி காட்டுகிற எதிர்ப்பு) இருந்தால்தான் அடி ஒலிகள் தங்கும், கருவிகளுக்கென்றே செய்த ஆம்ப்களில் அது பார்த்துச் செய்திருப்பார்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், விரல் மீட்டியதற்கும் காதில் கேட்பதற்கும் நடுவில் பத்தில் ஒரு வினாடி, சிலவற்றில் அதற்கும் மேல், தாமதம் வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது, வாசிக்கும்போது தாளமே குலைந்துவிடும். வயர் உள்ளதே சரி.

மூடிய வகை ஹெட்ஃபோன் வெளியே கசியாது, ஆனால் குழந்தை அழுதாலும் உங்களுக்குக் கேட்காது. நான் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு மற்றதைப் பாதி தள்ளி வைத்துக்கொள்கிறேன். உள்ளே பேட்டரி இருக்கிற கருவி என்றால், பெரும்பாலும் ஜாக்கில் வயர் சொருகியதும் ஆன் ஆகும், பிடுங்கினால்தான் ஆஃப் ஆகும். வயரோடு அப்படியே சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

காதில் முதல் முறை கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பியசோவின் ஒலி வறண்டு, கொஞ்சம் குவாக் என்று வரும், கூட்டுக்குள்ளிருந்து வருகிற அந்த உருண்டை ஒலி இருக்காது, கூடுதான் இல்லையே. உச்ச ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள், ரிவெர்ப் (எதிரொலி போன்ற நீட்சி) இருந்தால் ஒரு துளி சேருங்கள், பழகிவிடும். ஆனால் ரிவெர்ப்பை அள்ளிப் போட்டால் தப்பெல்லாம் மறைந்துவிடும். பியசோவின் ஒரு பெரிய நன்மையே அது எதையும் மறைக்காது என்பதுதான், சரியாக அழுத்தாத விரல், பக்கத்துக் கம்பியைத் தொட்ட விரல் எல்லாம் அப்படியே காதில் வந்து விழும். விரல்மீட்டல் எனக்கு மேம்பட்டது இந்தக் கருவி வந்த பிறகுதான்.

கை கெடாமல் பார்த்துக்கொள்வது

மூன்று மாதம் ஹெட்ஃபோனிலேயே வாசித்துவிட்டு ஒரு நாள் பழைய யுகுலேலேயை எடுத்தேன், கையில் பலமே இல்லை. ஹெட்ஃபோனின் ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் கை தடவிக் கொடுத்தாலே போதும் என்று பழகிவிட்டது. ஸ்பாஞ்ச் வைத்து வாசிப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிராக நடக்கும், ஒலி அடங்கியிருப்பதால் தங்களை அறியாமல் ஓங்கி அடிப்பார்கள், ஸ்பாஞ்சை எடுத்ததும் வீடே அதிரும்.

இதற்கு நான் செய்வது: பகலில் சாதா யுகுலேலேயை ஒரு நிமிடம் வாசித்துவிட்டு உடனே சாலிட் பாடியை எடுத்து, அதே பலத்தில் மீட்டும்போது அதே அளவு காதில் கேட்கிற மாதிரி ஒலியை வைத்து, ஆம்ப்பின் சக்கரத்தில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டேன். ராத்திரியில் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை, காதுக்கும் அது நல்லது. ஸ்பாஞ்சில் வாசிக்கிற நாட்களில் கார்டு மாற்றம், தாளம் மட்டும், ஹெட்ஃபோன் நாட்களில் விரல்மீட்டல் என்று பிரித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் சாதா யுகுலேலேயை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் எந்த அடக்கமும் இல்லாமல் வாசிப்பேன், அந்த வாரம் ராத்திரியில் படித்த பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று அங்கேதான் தெரியும். அம்மாவும் காபியோடு வந்து உட்கார்ந்துகொள்வார், வாரம் முழுக்க நான் என்ன வாசித்தேன் என்பதை அவர் கேட்பது அப்போதுதான்.